பர்மிட் ராஜ்யமும் பாண்டி பஜாரும்: தென்சென்னையில் சந்தையைப் பற்றி மாணவர்கள் பேசியதும் பேசாததும்

தடையற்ற வணிகம் என்ற கொள்கை சென்னை மாணவர்களின் கைக்கு முதலில் வந்தது வெள்ளை அரசின் கொள்கையாகத்தான். வகுப்பில் ஜான் ஸ்டூவர்ட் மில்லைப் படித்தார்கள். துறைமுகத்தில் மான்செஸ்டர் துணி இறங்குவதைப் பார்த்தார்கள். இறக்குமதித் தீர்வைகள் 1882இல் ஏறத்தாழ முழுவதும் நீக்கப்பட்டன. பிறகு கஜானாவுக்குப் பணம் தேவைப்பட்டதும் தீர்வை திரும்பி வந்தது. லங்காஷயர் ஆலை முதலாளிகள் கூச்சலிட, 1896இல் இறக்குமதித் துணிக்கு வைத்த 3.5 சதவீதத்தையே இந்திய ஆலைத் துணிக்கும் உள்நாட்டு வரியாக விதித்தார்கள். சந்தையில் அரசு கைவைக்கக் கூடாது என்று பாடம் சொன்னவர்கள் தங்கள் ஊர்ச் சரக்குக்காகக் கைவைத்தார்கள். அன்றைய கல்லூரி மாணவனுக்கு இந்த முரண்பாட்டை யாரும் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கவில்லை.

திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடிப் பேசிக்கொண்டிருந்த ஆறு இளைஞர்கள் 1878 செப்டம்பர் 20 அன்று ‘தி இந்து’ இதழைத் தொடங்கினார்கள். அவர்களில் நான்கு பேர் சட்ட மாணவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன், 80 பிரதிகள் என்பது இன்று பத்திரிகை உலகக் கதையாகிவிட்டது. கதையின் இன்னொரு பாதியை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அந்தக் குழுவின் மூத்தவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தமிழில் ‘சுதேசமித்திரன்’ தொடங்கினார். ஆங்கிலேய ஆட்சியின் பொருளாதார விளைவுகளைப் பற்றி 1903இல் தனிப் புத்தகமே எழுதினார். மாணவர் சங்கம் ஒன்றில் பழகிய வாதம் இருபத்தைந்து ஆண்டுகளில் தீர்வை, கடன், கைத்தொழில் என்று விரிந்ததோடு ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் இறங்கி வந்தது. பின்னால் வந்த சங்கங்கள் பலவற்றுக்கு இந்த இரண்டாவது காரியம் கைகூடவில்லை.

திருவல்லிக்கேணியிலிருந்து மயிலாப்பூர் வந்தால் லஸ் முனைக்கு அருகில் ரானடே நூலகம். மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று உருவாக்கியது. மகாதேவ் கோவிந்த ரானடே 1892இல் புனே தக்காண கல்லூரியில் மாணவர்களுக்கு ஆற்றிய உரை இந்தியப் பொருளாதாரச் சிந்தனையில் ஒரு திருப்பம். இங்கிலாந்தின் நிலைமைகளை வைத்து வகுத்த விதிகளை இந்தியாவுக்கு அப்படியே பொருத்த முடியாது, இங்கே தொழிலை வளர்க்க அரசு துணை நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆக மயிலாப்பூரின் பழைய நூலகம் தாங்கி நிற்பது தடையற்ற வணிகத்தைக் கேள்வி கேட்டவரின் பெயரை. கிருஷ்ணசாமி ஐயரும் வெறும் புத்தகப் பிரியர் அல்ல. 1906இல் அர்பத்நாட் வங்கி கவிழ்ந்து சென்னைக் குடும்பங்களின் சேமிப்பு கரைந்தபோது அவர் சோர்ந்து உட்காரவும் இல்லை, அரசிடம் மனுவோடு நிற்கவும் இல்லை. நகரத்து வணிகர்களைச் சேர்த்து 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கச் செய்தார். சந்தையின் மீது சந்தேகம், ஆனால் சந்தைக்குள்ளேயே முயற்சி. இந்த இரட்டைக் குணம் மயிலாப்பூரை விட்டு இன்றுவரை போகவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1915இல் இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். அவர் செய்த ஒரு காரியம் எந்த விவாத மேடையையும்விடப் பெரிது என்பது என் கணிப்பு. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, சொந்தக் கிராமத்தில் நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாரிடம் வாங்குகிறார்கள் என்று விசாரித்து எழுதி வரச் சொன்னார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி என்ற பெயர்களெல்லாம் 1918இல் அச்சேறின. அதே ஊர்களுக்கு 1930களில் பி. ஜே. தாமஸின் தலைமையில் மீண்டும் போனார்கள். அதன் பிறகும் ஆய்வாளர்கள் போயிருக்கிறார்கள். வாதத்தைத் தொடங்கும் முன் நாலு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வா என்பது சென்னை மாணவர்களுக்குக் கிடைத்த நல்ல பயிற்சி. மன்றங்கள் அதைக் கைவிட்டன. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள 1950களுக்குப் போக வேண்டும்.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தயாரான காலத்தில் மத்திய அரசு கல்லூரிதோறும் திட்ட மன்றங்களை ஊக்குவித்தது. மாணவர்கள் திட்டத்தைப் படிக்க வேண்டும், மக்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும், சிறுசேமிப்புக்கு ஆள் சேர்க்க வேண்டும். பேச்சுப் போட்டி உண்டு, கட்டுரைப் போட்டி உண்டு. திட்டம் வேண்டுமா என்ற கேள்விக்கு மட்டும் அங்கே இடம் இருக்கவில்லை. எப்படி நிறைவேற்றுவது என்பதில் தொடங்கினார்கள். ஆனால் வெளியே அந்தக் கேள்வி உயிரோடுதான் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்த ஜான் மத்தாய் நிதியமைச்சராகி, திட்டக் குழுவின் அதிகாரம் அமைச்சரவைக்கு மேல் போவதை எதிர்த்து 1950இலேயே பதவி விலகியிருந்தார். பொருளாதார நிபுணர் குழுவில் இருந்த பி. ஆர். ஷெனாய் 1955இல் தனியாக மறுப்புக் குறிப்பு எழுதினார்: கையில் இல்லாத சேமிப்பை நம்பிப் பெரிய திட்டம் போட்டால் பணவீக்கம்தான் மிஞ்சும் என்று. அதே ஆண்டு இந்தியா வந்த மில்டன் ஃப்ரீட்மனும் அரசுக்கு ஒரு குறிப்பு கொடுத்துவிட்டுப் போனார். பல ஆண்டுகளுக்கு அது பொதுமக்கள் கண்ணில் படவே இல்லை.

எதிர்த்தரப்பில் பம்பாயில் ஏ. டி. ஷ்ராஃப் 1956இல் ‘ஃபோரம் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ அமைப்பைத் தொடங்கினார். பெரிய தொழிலதிபர்கள் 1944இல் வெளியிட்ட பம்பாய்த் திட்டத்தில் கையெழுத்திட்டவர் அவர். அந்தத் திட்டமே அரசின் பெரிய பங்கை ஏற்றுக்கொண்டது என்பதை நினைவில் வைத்தால், பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் வந்து சேர்ந்த இடம் வியப்பளிக்கும். கைக்கு அடக்கமான சிறு வெளியீடுகள், சொற்பொழிவுகள், மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டிகள் என்று அந்த அமைப்பு நாடு முழுக்க இயங்கியது. திட்ட மன்றத்துக்கு இது மாற்று என்றால் ஒப்புக்கொள்ளலாம். விவாதம் என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது. மாட வீதியின் ஒரு முனையில் ஒரு பஜனை கோஷ்டி, மறு முனையில் இன்னொன்று. இரண்டும் ஒன்றின் பாட்டை மற்றொன்று கேட்கவில்லை. ஒன்றுக்கு அரசின் நிதி, மற்றதுக்குத் தொழிலதிபர்களின் நிதி. எது நல்ல பாட்டு என்பது வேறு விஷயம்.

சென்னையில் இந்த நிலைமையை மாற்றும் வாய்ப்பு ஒருவருக்கு இருந்தது. தியாகராய நகர் பஸ்லுல்லா சாலையில் வாழ்ந்த ராஜாஜிக்கு. சந்தையைப் பற்றி அவர் புத்தகத்திலிருந்து பேசவில்லை. 1952 ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சரானவர், ஜூனில் உணவு தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் நீக்கினார். யுத்த காலத்திலிருந்து பழகிப்போன ஏற்பாடு அது. விலை எகிறும், பஞ்சம் வரும் என்று பயமுறுத்தினார்கள். மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். அஞ்சிய பஞ்சம் வரவில்லை. பதுக்கலைத் தூண்டுவது கட்டுப்பாடுதான் என்ற எண்ணம் ராஜாஜியிடம் அப்போது உறுதிப்பட்டிருக்க வேண்டும். ஏழு ஆண்டுகள் கழித்து, நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்ட அதே 1959இல், ஜூன் 4 அன்று சென்னையில் சுதந்திரா கட்சி அறிவிக்கப்பட்டது. ராஜாஜிக்கு அப்போது வயது 80. உடன் நின்றவர்கள் மினூ மசானியும் என். ஜி. ரங்காவும். ரங்கா முன்பு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர், விவசாயிகள் இயக்கத்துக்காரர். பிறக்கும்போதே இரண்டு ஆசிரியர் குணங்கள் இந்தக் கட்சிக்கு இருந்தன: விளக்கிக்கொண்டே இருப்பது, வருகைப் பதிவைப் பற்றிக் கவலைப்படாதது.

அதன் 21 அம்சக் கொள்கையறிக்கையில் இன்று படிப்பவரை நிறுத்தும் ஒரு விதி உண்டு. அடிப்படைக் கொள்கைகளுக்கு வெளியே உள்ள எந்த விஷயத்திலும் உறுப்பினர்கள் தங்கள் மனம்போல் பேசலாம், வாக்களிக்கலாம். கட்சிக் கட்டளை மீறினால் வெளியேற்றம் என்று பழகிய நம் அரசியலில் இது ஒரு விவாத மன்றத்தின் விதி. கட்சிக்கு உகந்ததா என்பது சந்தேகம். கல்லூரி மன்றத்துக்கு இதைவிட நல்ல விதி கிடைக்காது.

பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று ராஜாஜி சொன்னதன் உள்ளடக்கம் வெறும் கோஷம் அல்ல. 1951ஆம் ஆண்டுத் தொழில்கள் சட்டப்படி, பட்டியலில் உள்ள தொழிலில் புதிய ஆலை தொடங்க, இருப்பதைப் பெரிதாக்க, புதுப்பொருள் தயாரிக்க, இடம் மாற்றக்கூட டில்லியின் அனுமதி வேண்டும். இறக்குமதி உதிரிப்பாகத்துக்குத் தனி லைசென்ஸ். 1957 வாக்கில் அந்நியச் செலாவணி வற்றியதும் பிடி இன்னும் இறுகியது. லைசென்ஸ் கிடைத்தவன் போட்டியிலிருந்து தப்பித்தான். கிடைக்காதவன் தொழிலுக்கே வரவில்லை. அதனால்தான் பெரிய முதலாளிகள் எல்லோரும் சுதந்திரா கட்சிக்கு ஓடி வரவில்லை. பிர்லா காங்கிரஸ் பக்கமே நின்றார். கட்டுப்பாடு முதலாளிக்கு எதிரி என்ற எளிய கணக்கு இங்கே உடைகிறது. லைசென்ஸ் வைத்திருந்தவனுக்கு அது வேலி. இந்த நுட்பத்தை ஒரு மாணவர் மன்றம் எடுத்துப் பேசியிருந்தால் இடதுசாரி மாணவனும் சுதந்திரா மாணவனும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கலாம். அப்படி ஒரு மேசை போடப்படவில்லை.

ஏன் போடப்படவில்லை? ராஜாஜி முதியவர், கட்சி ராஜாக்களின் கூடாரம் என்ற பெயர் எடுத்தது என்பதெல்லாம் மேலோட்டமான காரணங்கள். முதன்மையான காரணம் 1953. அந்த ஆண்டு அவர் கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்றார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, 1954இல் அவர் பதவியும் போனது, அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பையனின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். அவனுடைய பள்ளிக்கூடம் அரசு கட்டியது. அவனுடைய கல்லூரி இடம் இடஒதுக்கீட்டில் வந்தது; அந்த ஒதுக்கீட்டை நீதிமன்றம் ரத்து செய்தபோது சென்னை மாநிலத்தில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகே 1951இல் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. அவன் எதிர்பார்த்த வேலை அரசு அலுவலகத்தில். தனியார் கம்பெனி வேலையோ தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவருக்குப் போயிற்று. அரசு ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று அவனிடம் போய்ச் சொல்கிறவர் யார்? குலக்கல்வி ராஜாஜி. வாதம் சரியா தவறா என்று அவன் பார்ப்பதற்கு முன்பே அது அவனுக்கு எதிரான வாதமாகிவிட்டது.

இதில் அநியாயம் ஏதுமில்லை. சுதந்திரமான போட்டி எல்லோருக்கும் நல்லது என்பவர், ஓட்டப்பந்தயத்தில் யார் எங்கே நின்று ஓடத் தொடங்குகிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். சுதந்திரா கட்சியின் எழுத்துகளில் சொத்துரிமைக்கும் விவசாயியின் நிலத்துக்கும் கிடைத்த கவனத்தில் கால்வாசிகூடச் சாதிக்குக் கிடைக்கவில்லை. அதே தியாகராய நகரில், திருமலைப்பிள்ளை சாலையில், காமராஜர் வாழ்ந்தார். பள்ளிக்கூடமும் மதிய உணவும் கிண்டித் தொழிற்பேட்டையும் அவர் ஆட்சியின் அடையாளங்கள். இரண்டு வீடுகளுக்கும் நடந்தே போய்விடலாம். மாணவன் எந்த வீட்டுப் பக்கம் திரும்பினான் என்பதில் மர்மம் இல்லை.

மொழி இன்னொரு காரணம். 1956இல் தொடங்கிய ‘ஸ்வராஜ்யா’ வார இதழில் ராஜாஜி எழுதிய ஆங்கிலம் தெளிவானது, சிக்கனமானது; மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அதை வாரந்தோறும் காத்திருந்து வாசித்த வீடுகள் இருந்தன. ‘கல்கி’யில் அவர் தமிழிலும் எழுதினார். ஆனால் ஷெனாயும் மசானியும் புள்ளிவிவரத்தோடு வாதாடிய இடம் ஆங்கிலம்தான். வேதியியலைத் தமிழில் சொல்லத் ‘திண்ணை ரசாயனம்’ எழுதியவர் ராஜாஜி. ராமாயணத்தைச் ‘சக்கரவர்த்தித் திருமக’னாகத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுபோனவர் அவர். திண்ணைப் பொருளாதாரம் என்று ஒன்றை அவர் எழுதியிருந்தால் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. தி.மு.க. படிப்பகங்களிலும் மன்றங்களிலும் பொருளாதாரம் தமிழில் பேசப்பட்டது. வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று. ஆழம் போதாது என்று குறை சொல்லலாம். கேட்டவனுக்குப் புரிந்தது.

இன்னொரு பெரிய இடைவெளியும் உண்டு. சந்தையை உள்ளங்கையில் வைத்திருந்தவர்கள் இந்த விவாதங்களில் எங்குமே இல்லை. தென்மாவட்டங்களிலிருந்து வந்து தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடையும் துணிக்கடையும் வைத்த நாடார் வணிகர்கள், உறவின்முறையும் மகமையும் வைத்துப் பள்ளிக்கூடம் நடத்திய மரபில் வந்தவர்கள். தூத்துக்குடியில் 1921இல் நாடார் வங்கி தொடங்கியதும் அந்தச் சமூகத்தின் முயற்சியில்தான். 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. அரசு உதவியோ லைசென்ஸோ இல்லாமல், கடனையும் நம்பிக்கையையும் தங்களுக்குள் திரட்டி மேலே வந்த சமூகம். தடையற்ற முயற்சிக்கு மாணவர்களிடம் காட்ட இதைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அவர்களின் அரசியல் அன்பு முழுவதும் திட்டமிட்ட வளர்ச்சியின் காமராஜருக்கு. பஸ்லுல்லா சாலைக் கட்சி ரங்கநாதன் தெருக் கடைக்காரரை எப்படித் தவறவிட்டது என்பது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கு உரிய கேள்வி.

மாணவர்கள் ராஜாஜியின் பக்கம் வந்தே சேர்ந்தார்கள், ஆனால் வேறு வாசல் வழியாக. 1938இல் இந்தியைப் பள்ளியில் கட்டாயமாக்கியவர், 1950களின் இறுதியில் இந்தித் திணிப்பை எதிர்ப்பவராக மாறியிருந்தார். 1965இல் மாணவர் கிளர்ச்சி வெடித்தபோது அவர் குரல் அவர்களுக்குத் துணையாயிற்று. அரிசிப் பஞ்சமும் சேர்ந்துகொள்ள, 1967 தேர்தலில் தி.மு.க. தலைமையிலான கூட்டணி காங்கிரசை வீழ்த்தியது. விருதுநகரில் காமராஜரையே மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் தோற்கடித்தார். சுதந்திரா கட்சிக்குச் சட்டமன்றத்தில் 20 இடங்கள். அந்தக் கூட்டணியின் முழக்கம் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம். ரேஷனை நீக்கியவர் மானிய அரிசிக்கு வாக்குக் கேட்ட மேடையில் உட்கார்ந்திருந்தார். தேர்தல் கணக்கு அப்படி. அவர் 1972 டிசம்பர் 25 அன்று மறைந்தார். 1974இல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. வந்த மாணவர்கள் சந்தைக்காக வரவில்லை, ஆகவே சந்தைக்காக யாரும் தங்கவும் இல்லை.

இதே காலத்தில் அடையாற்றுப் பக்கம் வேறொரு உலகம் உருவானது. சுதந்திரா கட்சி பிறந்து எட்டு வாரம் கழித்து, 1959 ஜூலை 31 அன்று ஐ.ஐ.டி. மெட்ராஸ் திறக்கப்பட்டது. நேருவின் திட்ட இந்தியாவுக்கு அந்தக் கல்விக்கூடத்தைக் கட்ட உதவியது மேற்கு ஜெர்மனி. அங்கே அப்போது பொருளாதார அமைச்சர் விலைக் கட்டுப்பாடுகளை நீக்கிப் பேர் வாங்கிய லூட்விக் எர்ஹார்ட். வரலாறு இப்படிச் சிரிப்பதுண்டு. 1971இல் மால்கம் ஆதிசேஷையா அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். கிராமம், கூலி, ஏழ்மை என்று அங்கே நடந்த ஆய்வுகள் ஸ்லேட்டரின் கேள்வித்தாளுக்கு நேர் வாரிசு. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோட்டூர்புரத்தில் 1990களில் ராஜா செல்லையாவின் முன்முயற்சியில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வந்தது. செல்லையா 1991இல் அமைந்த வரிச் சீர்திருத்தக் குழுவின் தலைவர். சந்தையைச் சந்தேகிப்பதில் வலுவான ஒரு நிறுவனம், சந்தையைப் பயன்படுத்தத் தெரிந்த மற்றொன்று, ஒரே பேட்டையில். இரண்டிலும் படிக்கும் மாணவர்களை மாதம் ஒரு மாலை எதிரெதிரே உட்கார வைத்தாலே போதும், இந்தியாவின் நல்ல பொருளாதார விவாத மன்றம் சென்னையில் இருக்கும்.

வாதம் ஆளை மாற்றும் என்பதற்கும் சென்னையில் சாட்சி உண்டு. 1969இல் ப. சிதம்பரம், என். ராம், மைதிலி சிவராமன் மூவரும் ‘ரேடிகல் ரெவ்யூ’ என்ற இடதுசாரி இதழை நடத்தினார்கள். கீழவெண்மணிக் கொடுமை நடந்த சூடு ஆறாத காலம். மைதிலி தொழிற்சங்கத்துக்கும் மாதர் இயக்கத்துக்கும் போனார். ராம் பத்திரிகைக்குப் போனார். சிதம்பரம் 1991இல் வர்த்தக அமைச்சராகி இறக்குமதி லைசென்ஸ் சுவரை இடிப்பதில் முன்னால் நின்றார். மறுபக்கம், ராஜாஜியின் வாசகர்கள் பலர் பின்னாளில் விரும்பி வாசித்த ‘துக்ளக்’கில் சுதேசிப் பொருளாதாரம் பேசும் எஸ். குருமூர்த்தி எழுதினார், பின்னர் அதன் ஆசிரியரே ஆனார். யார் எந்தப் பக்கம் என்று சாதியையும் பேட்டையையும் வைத்துச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்களைச் சென்னை அடிக்கடி ஏமாற்றும்.

2014இல் ஐ.ஐ.டி. மாணவர்கள் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தைத் தொடங்கினார்கள். விவேகானந்தர் பெயரிலான படிப்பு வட்டம் அந்த வளாகத்தில் ஏற்கெனவே இருந்தது. மத்திய அரசின் கொள்கைகளை விமர்சித்த துண்டறிக்கை ஒன்றின் மீது பெயரில்லாத புகார் டில்லிக்குப் போய், அங்கிருந்து நிறுவனத்துக்குத் திரும்பி வர, 2015 மே மாதம் வட்டத்தின் அங்கீகாரம் நிறுத்தப்பட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு. ஜூன் முதல் வாரத்திலேயே அங்கீகாரம் திரும்பியது. இந்த நிகழ்ச்சியைச் சாதி அரசியலாக மட்டும் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. தாராளப் பொருளாதாரத்தை விமர்சித்துப் பேசும் மாணவர்களுக்கு வளாகத்தில் மேசை உண்டா என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. சந்தைச் சுதந்திரத்தை ஆதரிக்கும் மன்றம் ஒன்று முதலில் அழைக்க வேண்டிய விருந்தாளி இந்த வட்டத்து மாணவன்தான். அழைக்காத மன்றம் ஷ்ராஃபின் கட்டுரைப் போட்டியைத் தாண்டவில்லை.

இன்றைய கல்லூரிகளில் விவாதம் குறைவில்லை. ஆங்கில மேடையில் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தருகிறார்கள். காலையில் தனியார்மயத்தை ஆதரித்தவர் மாலையில் எதிர்த்துக் கோப்பை வாங்குகிறார். திறமை வளர்கிறது, எதையும் இழக்கும் பயம் யாருக்கும் இல்லை. தமிழ் மேடையில் பட்டிமன்றம். பணமா, பாசமா என்று தொடங்கினால் பாசம் வெல்லும் என்று நடுவர் வாயைத் திறக்கும் முன்பே அரங்கத்துக்குத் தெரியும். விலை எப்படி உருவாகிறது, யாருக்கு யார் கடன் கொடுக்கிறார்கள் என்ற பேச்சு அந்த மேடைக்கு ஏறுவதே இல்லை.

பேசுவதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. தியாகராய நகரின் பாண்டி பஜார் போதும். நீதிக்கட்சியிலும் சுயமரியாதை இயக்கத்திலும் இயங்கிய டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனின் பெயர் கொண்ட அங்காடி அது. பல பத்தாண்டுகளாக அதன் நடைபாதையில் வளையல், ரிப்பன், பாத்திரம், பூ விற்றவர்களை, நீண்ட வழக்குகளுக்குப் பிறகு, 2013இல் மாநகராட்சி கட்டிய அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். நடந்து போகிறவன் கண்ணில் பட்டால்தான் நடைபாதைக் கடைக்கு வியாபாரம். மாடி ஏறி ரிப்பன் வாங்க யாரும் போவதில்லை. 2019 நவம்பரில் அதே சாலையில் நடப்பவர்களுக்கான அகன்ற பாதை திறக்கப்பட்டது. இடையில், 2014இல், நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை இயற்றியது. ஊருக்கு ஊர் விற்பனைக் குழு. அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள். கணக்கெடுப்பு நடத்திச் சான்றிதழ். எண்ணிக்கை மக்கள்தொகையில் 2.5 சதவீதத்துக்குள்.

ராஜாஜியின் கண்ணால் பார்த்தால் இது அப்பட்டமான பர்மிட் ராஜ்யம்: தலைக்கு மேல் உச்சவரம்பு, கையில் அட்டை, அட்டையைப் புதுப்பிக்க ஓர் அலுவலகம். தொழிற்சங்கத்தின் கண்ணால் பார்த்தால் போலீஸ் மாமூலிலிருந்தும் திடீர் அப்புறப்படுத்தலிலிருந்தும் நடைபாதையில் பூ விற்கும் பெண்மணியைக் காக்கும் ஒரே காகிதம் அந்த அட்டைதான். அட்டை பெற்றவர் நாளை வரப்போகும் புது வியாபாரியை உள்ளே விடுவாரா, அல்லது 1960களின் ஆலை முதலாளி லைசென்ஸைப் பிடித்துக்கொண்டதுபோல் பிடித்துக்கொள்வாரா என்பது மூன்றாவது கேள்வி. வாடகையும் வரியும் கட்டும் ரங்கநாதன் தெருக் கடைக்காரர், தன் வாசலை மறைத்து நிற்கும் தள்ளுவண்டியைப் பற்றிச் சொல்வது நான்காவது. நூறு வருடத்துக்கு முன் ஸ்லேட்டர் தந்ததுபோல் ஒரு கேள்வித்தாளோடு போகும் மாணவர்களுக்கு, பதில் சொல்ல ஆட்கள் பாண்டி பஜாரின் தியாகராயா சாலைக்குக் காலை பத்து மணிக்கே வந்துவிடுகிறார்கள்.